37° எப்படி '37ஊ' ஆனது? தமிழில் அளவுக் குறிகளைச் சரியாக இடும் முறை

கேள்வி இது: கிராமப்புற நலப் பணியாளர்களுக்கான தமிழ்க் கையேடு ஒன்று தொகுக்கப்படுகிறது. சில இயல்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும், சில திஸ்கி என்ற பழைய குறிமுறை எழுத்துருவிலும் தட்டச்சானவை. எல்லாவற்றையும் இன்றைய பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றியதும் '37°' என்றிருந்தது '37ஊ' ஆகிவிட்டது. '1,200' என்பது '1இ200' ஆகவும், '50%' என்பது '50மூ' ஆகவும் நிற்கின்றன. இதை எப்படிச் சரிசெய்வது? அதோடு பாகைக் குறி, கழித்தல் குறி, பெருக்கல் குறி, அடி அங்குலக் குறி, 'கி.மீ.'க்குப் புள்ளி, எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி ஆகியவற்றுக்கு ஒரே சீரான முறை என்ன?

முதலில் பழுது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். காரணம் தெரிந்தால் மற்ற குறிகளில் எங்கே கவனம் வேண்டும் என்பதும் தானாகப் புரியும்.

கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே வைத்திருக்கும்; அந்த எண்தான் எழுத்துருவில் அதன் இடம். திஸ்கி முறையில் 128 முதல் 255 வரையுள்ள இடங்களில் பெரும்பாலானவை தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்டவை. மேலைநாட்டு எழுத்துருக்களில் 176ஆம் இடத்தில் பாகைக் குறி இருக்கும். திஸ்கியில் அதே இடத்தில் 'ஊ' இருக்கிறது. தட்டச்சு செய்தவர் அந்த ஒரு குறிக்கு மட்டும் வேறு எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து ° போட்டிருப்பார். மாற்றி நிரலுக்கு எழுத்துரு தெரியாது, எண் மட்டுமே தெரியும். 176ஐக் கண்டதும் 'ஊ' என்று எழுதிவிடுகிறது. அதே கணக்கில் 178ஆம் இடத்து ² 'ஏ' ஆகும், 181ஆம் இடத்து மைக்ரோ குறி (µ) 'ஓ' ஆகும்.

பாமினியின் கதை வேறு. அங்கே சாதாரண ஆங்கில விசைகளின் இடத்திலேயே தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. காற்புள்ளியின் இடத்தில் 'இ', விழுக்காட்டுக் குறியின் இடத்தில் 'மூ', சிறிய எக்ஸின் இடத்தில் 'ஒ'. ஆகவே '30 எக்ஸ் 40' என்று ஆங்கில எழுத்தைப் பெருக்கல் குறியாகப் போட்டிருந்தால் '30ஒ40' என்று வரும். கிலோகிராமின் பன்னாட்டுக் குறியான சிறிய கே, சிறிய ஜி இரண்டும் 'மப' ஆகும். கிலோமீட்டரின் குறி 'மஅ' ஆகும். கையேட்டில் 'மப' என்ற பொருளற்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், கட்டாயம் கிடைக்கும்.

மாற்றிய பிறகு திருத்துவது கடினம். 'ஊ' என்ற எழுத்து உண்மையான சொற்களிலும் வருமே. எண்ணை அடுத்து ஒட்டி நிற்கும் 'ஊ', 'இ', 'மூ', 'ஒ' ஆகியவற்றை மட்டும் தேடினால் பெரும்பாலானவை அகப்படும். ஆனாலும் சில தப்பும். மூலக் கோப்பு இன்னும் கையில் இருந்தால் மீண்டும் அதிலிருந்தே தொடங்குங்கள். மாற்றுவதற்கு முன்பு, ஒவ்வொரு குறியையும் வெறும் எண் தொடராக மாற்றி வையுங்கள். பாகைக் குறிக்கு 000176000, பெருக்கலுக்கு 000215000, காற்புள்ளிக்கு 000044000, விழுக்காட்டுக்கு 000037000 என்று வைத்துக்கொள்ளலாம். இலக்கங்களை இரண்டு முறைகளும் தொடுவதில்லை, அப்படியே கடத்திவிடும். தேடும்போது எழுத்துரு வாரியாகத் தேட வேண்டும்: பாமினிப் பகுதியில் காற்புள்ளி விசை உண்மையிலேயே 'இ'யாக இருக்கும், ஆங்கில எழுத்துருவில் அமைந்த காற்புள்ளியை மட்டுமே மாற்ற வேண்டும். வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவையும் தேடல் நிபந்தனையாகச் சேர்க்க முடியும். யூனிகோடுக்கு மாற்றி முடித்ததும் எண் தொடர்களை உரிய குறிகளாக்கிவிடுங்கள்.

இனி ஒவ்வொரு குறியாக.

பாகைக் குறியின் சரியான வடிவம் °, எண் 176. இதன் சாயலில் மூன்று போலிகள் உலவுகின்றன. ஒன்று, ஸ்பானியம் போன்ற மொழிகளில் 'முதலாவது, இரண்டாவது' என்பதைக் காட்டும் º, எண் 186. சில எழுத்துருக்களில் இதன் அடியில் ஒரு கோடு இருக்கும். இரண்டு, மேல்வளையம் எனப்படும் ˚, எண் 730. மூன்றாவதுதான் ஆபத்தானது: சுழியத்தையோ ஆங்கில ஓ எழுத்தையோ மேலெழுத்தாக்கி ஒட்டுவது. திரையிலும் தாளிலும் பார்க்க அழகாகவே இருக்கும். அந்த வரியைப் படியெடுத்து வாட்ஸ்அப்பிலோ வெறும் உரைக் கோப்பிலோ ஒட்டும்போது மேலெழுத்து வடிவமைப்பு உதிர்ந்து, '37°' என்பது '370' ஆகிவிடுகிறது. நலக் கையேட்டில் 38 பாகைக் காய்ச்சல் 380 ஆனால் படிப்பவர் பிழை என்று உணர்ந்துகொள்வார். குளிர்பெட்டியின் வெப்பநிலை '2°' என்பது '20' ஆனால் உணர மாட்டார். 20 நம்பக்கூடிய எண்.

விண்டோசில் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு, ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்து, வலப்பக்க எண் பலகையில் 0176 அடித்தால் ° வரும். தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போது இது பிசகலாம். மேக்கில் ஆப்ஷன், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஆப்ஷனும் 0வும் அழுத்தினால் வருவது போலி º, பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஐபோனில் எண் பலகையின் 0 மேல் விரலை அழுத்தி வைத்தால் கிடைக்கும். வலைப்பக்கத்தில் ° என்று எழுதலாம்.

பாகைக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி எங்கே வரும்? பன்னாட்டு எடை அளவை அலுவலகம் வெளியிடும் அலகு முறைக் கையேட்டின் 9ஆம் பதிப்பு, 2019, இதைத் தெளிவாகச் சொல்கிறது: எண்ணுக்கும் அலகுக் குறிக்கும் நடுவே எப்போதும் இடைவெளி உண்டு. விதிவிலக்கு, கோணத்தைக் குறிக்கும் பாகை, அதன் அறுபதில் ஒன்றான பாகைத்துளி, பாகைத்துளியின் அறுபதில் ஒன்று ஆகிய மூன்றுக்கு மட்டும். ஆகவே கோணம் 45° என ஒட்டி வரும். வெப்பநிலையில் பாகைக் குறியும் சி எழுத்தும் சேர்ந்ததே ஒரு குறி, அதனால் எண்ணுக்குப் பிறகு இடைவெளி விட்டு இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். பாகைக் குறியை எண்ணோடு ஒட்டி, சி எழுத்தைத் தனியே தள்ளி வைப்பது தவறு. இவ்விரண்டையும் ஒரே எழுத்தாக அடைத்த 8451 என்ற குறி யூனிகோடில் உண்டு. அது பழைய கிழக்காசிய குறிமுறைகளோடு ஒத்துப்போவதற்காக வைக்கப்பட்டது. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அது கிடையாது, வெற்றுக் கட்டமாக விழும், பயன்படுத்த வேண்டாம்.

தமிழில் '37 °செ.' என்று சுருக்குவது வழக்கத்தில் இருக்கிறது. அட்டவணையில் அது சரி. ஓடும் உரையில் '37 டிகிரி செல்சியஸ்' என்று விரித்தே எழுதலாம் என்பது என் கருத்து. காய்ச்சலைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு கவனமும் தேவை. நம் வீடுகளில் காய்ச்சல் '102', '103' என்று ஃபாரன்ஹீட்டில்தான் பேசப்படுகிறது. கையேடு செல்சியஸில் பேசும். ஒவ்வோர் இடத்திலும் அளவுகோலின் பெயர் இருக்க வேண்டும். கெல்வினுக்கு மட்டும் பாகைக் குறி கிடையாது: 1967–68இல் கூடிய 13ஆவது எடை அளவைப் பொது மாநாடு 'டிகிரி கெல்வின்' என்பதை நீக்கி, வெறும் 'கெல்வின்' என்று மாற்றிவிட்டது.

அடுத்தது கழித்தல் குறி. இந்தக் கையேட்டுக்கு மிக முக்கியமானது இதுதான். ஹெபடைடிஸ் பி, முத்தடுப்பு ஊசி போன்ற தடுப்பு மருந்துகள் உறைந்தால் கெட்டுவிடும். அவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வாய்வழிப் போலியோ மருந்தை நீண்ட நாள் இருப்பு வைக்கும் இடத்தில் −20 டிகிரி வேண்டும். ஒரு சிறு கோடுதான் இரண்டையும் பிரிக்கிறது.

விசைப்பலகையில் இருக்கும் சிறுகோடு (எண் 45) சொற்களை இணைக்கும் கோடு. அதன் பிறகு சில மென்பொருள்கள் வரியை முறித்துவிடும். '-20' என்று அதைக் கொண்டு எழுதினால், வரியின் கடைசியில் கோடு தனியாக நின்று, அடுத்த வரி '20 டிகிரி' என்று தொடங்கலாம். மெய்யான கழித்தல் குறி −, எண் 8722. அது கூட்டல் குறியின் அகலத்தில், இலக்கங்களின் நடு உயரத்தில் நிற்கும். வேர்டில் ஆல்ட் விசையோடு 8722 அடித்தால் வரும், வலைப்பக்கத்தில் −. எழுத்துருவில் அது இல்லை என்றால் இடைக்கோட்டை (–, எண் 8211) வைக்கலாம். அதற்குப் பின்னாலும் வரி முறியக்கூடும் என்பதால் கோட்டுக்கும் எண்ணுக்கும் நடுவே 8288 என்ற கண்ணுக்குத் தெரியாத இணைப்பியைச் செருக வேண்டும்.

வீச்சுக்கும் கோடு போடும் பழக்கம் இங்கே குழப்பத்தை உண்டாக்கும். '2-8' என்றால் படிப்பவர் புரிந்துகொள்வார். '-25--15' என்று எழுதினால்? தமிழில் இதற்கு நேர்த்தியான வழி ஏற்கெனவே இருக்கிறது: '−25 முதல் −15 வரை'. வெப்பநிலை வீச்சுக்கு எப்போதும் 'முதல், வரை' என்றே எழுதுங்கள். பக்க எண், ஆண்டு போன்றவற்றுக்கு மட்டும் இடைக்கோடு போதும்.

எக்செல் போன்ற விரிதாளில் இந்த அறிவுரை நேர்மாறாகிறது. அங்கே கணக்கிட வேண்டிய கட்டத்தில் 8722ஐப் போட்டால், எண் உரையாகிவிடும், கூட்டுத்தொகையில் சேராது. அதே போல் கட்டத்துக்குள் ° அடித்தாலும் எண் உரையாகும். கணக்குக் கட்டங்களில் சாதாரண சிறுகோடும் வெறும் எண்ணும் மட்டுமே இருக்கட்டும். அலகை அட்டவணைத் தலைப்பில் வையுங்கள். அச்சுக்கு எடுத்துச் செல்லும்போது கோட்டை மாற்றிக்கொள்ளலாம்.

மைக்ரோ குறியில் நேரும் பிழை ஆயிரம் மடங்குப் பிழை. வேர்டோடு வரும் 'சிம்பல்' என்ற பழைய எழுத்துருவில், ஆங்கிலச் சிறிய எம் விசையை அடித்தால் கிரேக்க μ தோன்றும். பெரிய டபிள்யூ அடித்தால் Ω தோன்றும். தோற்றம் மட்டும்தான் கிரேக்கம்; கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், அல்லது பத்தி முழுவதற்கும் எழுத்துருவை மாற்றினால், μ மீண்டும் எம் ஆகிவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிட்டது. ஓம் வாட் ஆகிவிட்டது. தைராய்டு குறைபாட்டுக்கான லெவோதைராக்சின் மாத்திரை 25, 50, 100 மைக்ரோகிராம் அளவுகளில் வருகிறது. அதை 50 மில்லிகிராம் என்று அச்சடித்த கையேட்டை நினைத்துப் பாருங்கள்.

கையெழுத்திலும் இதே அபாயம் இருக்கிறது. μ எழுதினால் எம் போலத் தெரியும். அமெரிக்காவின் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டு நிறுவனம், மருந்துச் சீட்டில் μ குறியையே தவிர்க்கச் சொல்கிறது. தமிழில் 'மை.கி.' என்று சுருக்கினால் அது 'மி.கி.'யோடு குழம்பும். பொடி எழுத்தில் அச்சானால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே மருந்தளவில் 'மைக்ரோகிராம்' என்று முழுச் சொல்லாகவே எழுதுங்கள். இடம் மிச்சப்படுத்தக் கூடாத இடம் இது. இன்சுலினுக்கும் இதுவே: 'யூனிட்' என்ற சொல் முழுதாக நிற்கட்டும். ஆங்கிலப் பெரிய யூ எழுத்து அவசரக் கையெழுத்தில் சுழியமாகப் படிக்கப்பட்டு, 4 யூனிட் 40 ஆன ஆபத்து உலகறிந்தது.

மருந்தல்லாத இடங்களில், எடுத்துக்காட்டாக நுண்ணோக்கி பற்றிய பகுதியில், μ தேவைப்படலாம். யூனிகோடில் ஒரே தோற்றத்தில் இரண்டு உண்டு: 181 என்ற மைக்ரோ குறி, 956 என்ற கிரேக்க எழுத்து. யூனிகோடு அமைப்பு விரும்புவது கிரேக்க எழுத்தை. எதைத் தேர்ந்தாலும் கோப்பு முழுவதும் ஒன்றையே பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் ஒன்றைத் தேடும்போது மற்றது அகப்படாது. ஓமுக்கு 937 என்ற கிரேக்க எழுத்தே போதும். 8486 என்ற தனிக்குறியை மென்பொருள்கள் ஒழுங்குபடுத்தும்போது தானாகவே 937ஆக மாற்றிவிடும்.

பெருக்கல் குறி ×, எண் 215, விண்டோசில் ஆல்ட் 0215. இரு பக்கமும் இடைவெளி. அறையின் அளவைச் சொல்லும்போது அலகை இரண்டு எண்களுக்கும் தாருங்கள்: '10 அடி × 12 அடி'. '10 × 12 அடி' என்றால் முதல் எண் என்ன அலகு என்று ஒருவர் கேட்கலாம், கேட்பதும் நியாயம்.

அடி, அங்குலக் குறிகள் மேற்கோள் குறிகள் அல்ல. ′ (8242), ″ (8243) என்ற சாய்ந்த நேர்கோடுகள் அவை. வேர்டில் விசைப்பலகையின் மேற்கோளை அடித்தால் அது வளைந்த மேற்கோளாக மாறிவிடும், 5’6” என்று. மாறிய உடனே கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் நேர்மேற்கோளாகத் திரும்பும். அது பரவாயில்லை என்ற அளவுக்குச் சரி. சரியானது 5′ 6″. ஆனால் தமிழ்க் கையேட்டில் '5 அடி 6 அங்குலம்' என்று எழுத என்ன தடை? இந்தக் குறிகள் உண்மையில் தேவைப்படும் இடம் புவியிடம் குறிப்பதுதான்: சென்னை 13°05′ வடக்கு, 80°16′ கிழக்கு. பாகைத்துளியையும் தசமத்தையும் கலந்துவிடாதீர்கள். 13.08° என்பது 13°08′ அல்ல. அது ஏறத்தாழ 13°05′. இரண்டுக்கும் தரையில் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் வேறுபாடு. துணை சுகாதார நிலையத்தின் இருப்பிடத்தைக் கையேட்டில் கொடுக்கும்போது இந்த 6 கிலோமீட்டர் பெரிது.

மேலெழுத்துக்குப் பாகையிடம் கண்ட பாடமே மீண்டும் வருகிறது. சதுரத்துக்கு ² (178), கனத்துக்கு ³ (179) என்ற தனி எழுத்துகளைப் பயன்படுத்துங்கள், வடிவமைப்பால் தூக்கிய 2, 3 வேண்டாம். உடல் நிறைச் சுட்டெண்ணின் அலகு 'கி.கி./மீ²' என்பது வடிவம் உதிர்ந்தால் 'மீ2' ஆகும், அதையாவது ஊகிக்கலாம். 'பத்தின் ஆறாவது அடுக்கு' உதிர்ந்தால் 106 ஆகும். அதை யாரும் ஊகிக்க முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் '10 லட்சம்' என்றே எழுதுவது நல்லது.

இப்போது தமிழ்ச் சுருக்கங்கள். பன்னாட்டு விதிப்படி அலகுக் குறி என்பது சுருக்கம் அல்ல, கணிதக் குறி. அதற்குப் புள்ளி இல்லை, பன்மை இல்லை, மொழிக்கு மொழி மாறாது, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பொருள் தரும். பெரிய கே கெல்வின், சிறிய கே கிலோ. பெரிய எம் மெகா, சிறிய எம் மில்லி அல்லது மீட்டர். கிராமின் குறி ஒற்றைச் சிறிய ஜி மட்டுமே, அதன் பின்னால் எம்மும் எஸ்ஸும் சேர்ப்பது பிழை. லிட்டருக்கு மட்டும் இரண்டு எழுத்து வடிவமும் ஏற்புடையவை. சிறிய எல் 1 என்ற இலக்கம் போலத் தெரிவதால் 1979இல் பெரிய எல்லுக்கும் இசைவு தரப்பட்டது. மருந்தளவில் பெரிய எல் எழுத்தையே எழுதுங்கள்.

'கி.மீ.', 'மி.லி.', 'செ.மீ.' ஆகியவை அந்தப் பொருளில் குறிகள் அல்ல. தமிழ்ச் சொற்களின் சுருக்கங்கள். அதனால் பன்னாட்டு விதியைக் காட்டிப் புள்ளியை நீக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து 'இது சுருக்கம்' என்று காட்டிக்கொடுக்கும். தமிழில் பெரிய எழுத்து இல்லை, புள்ளி ஒன்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. 'மி.கி.' என்று புள்ளியோடு எழுதினால் அது மில்லிகிராம். 'மிகி' என்றால் வாசிப்பவர் ஒரு கணம் தடுக்கி நிற்பார். ஆனால் இரண்டு புள்ளிகளையும் போடுங்கள், நடுவில் இடைவெளி விடாதீர்கள். 'கி.மீ', 'கி.மீ.', 'கி. மீ.', 'கிமீ' என்று நான்கு விதமாகக் கையேட்டில் இருந்தால், தேடுபவருக்கு அவை நான்கு வெவ்வேறு சொற்கள். நடுவே இடைவெளி விட்ட 'கி. மீ.' வரிக்கடைசியில் இரண்டாக உடையும்.

சில சுருக்கங்கள் தம்முள் மோதுகின்றன. 'கி.' கிராமா, கிழக்கா? 'செ.' செல்சியஸா, சென்டியா? 'மி.' மில்லியா, மில்லியனா? இரண்டு எழுத்துச் சுருக்கங்களில் மோதல் இல்லை; ஒற்றை எழுத்துச் சுருக்கங்களில்தான். கிராம், லிட்டர், மீட்டர் மூன்றும் ஏற்கெனவே குறுஞ்சொற்கள். அவற்றைச் சுருக்காமல் விட்டாலே போதும். கையேட்டின் தொடக்கத்தில் பயன்படுத்திய சுருக்கங்களை அரைப் பக்கத்தில் பட்டியலிட்டுவிடுங்கள்.

வேற்றுமை உருபு சேரும் இடம் தமிழுக்கே உரிய சிக்கல். 'கி.மீ.க்கு', 'மி.லி.ஐ', '50%ஐ', '37°இல்' என்று எழுதினால் வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு தடுமாறும். புள்ளிக்குப் பின் உருபு தனியே வரி மாறவும் கூடும். நான் பரிந்துரைப்பது இது: உருபு ஏறினால் அலகை விரித்து எழுதுங்கள். '5 கிலோமீட்டருக்கு', '10 மில்லிலிட்டரை', '50 விழுக்காட்டை'. உருபு இல்லாத இடத்திலும் அட்டவணையிலும் சுருக்கம் நிற்கட்டும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே கையேட்டின் நடை பாதி சீராகும்.

'ஒன்றுக்கு இவ்வளவு' என்பதிலும் தமிழின் இயல்பு நமக்குத் துணை. 'கி.மீ./மணி' என்பதைவிட 'மணிக்கு 60 கி.மீ.' இயல்பானது. 'கி./டெ.லி.' என்று புள்ளியும் சாய்கோடும் மொய்க்க எழுதுவதைவிட, 'கர்ப்பிணிக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைவான ஹீமோகுளோபின் இருந்தால் இரத்தசோகை' என்று எழுதலாம். இரண்டு சாய்கோடு ஒரே அலகில் வரவே கூடாது என்பது பன்னாட்டு விதியும்தான். பாராசிட்டமால் அளவை 'மி.கி./கி.கி./வேளை' என்று எழுதினால் எதை எதால் வகுப்பது என்று தெரியாது. 'ஒரு வேளைக்கு, ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் 10 முதல் 15 மி.கி.' என்று எழுதினால் ஐயமே எழாது. இன்னொன்று: மின்சார யூனிட்டை 'கிலோவாட்/மணி' என்று எழுதுவது பரவலான பிழை. அது வகுத்தல் அல்ல, பெருக்கல். 'கிலோவாட் மணி' என்பதே சரி. இரத்த அழுத்தத்தின் 120/80இல் வரும் சாய்கோடு வகுத்தலும் அல்ல, பிரிப்புக் கோடுதான். அதன் அலகு 'மி.மீ. பாதரசம்' ஒரு முறையாவது சொல்லப்பட வேண்டும்.

எண்ணும் அலகும் பிரியக் கூடாது. வரிக்கடைசியில் '10', அடுத்த வரியில் 'மி.லி.' என்று வந்தால் கண் வழுக்கும். சாதாரண இடைவெளிக்குப் பதில் உடையா இடைவெளி (எண் 160) போடுங்கள்: வேர்டிலும் லிப்ரே ஆபிசிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ்; மேக்கில் ஆப்ஷன், ஸ்பேஸ்; வலையில்  . பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் உடையா இடைவெளி இரண்டு வகை. வரி நிரப்பும்போது நீளாமல் நிற்கும் நிலை அகல வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே பள்ளம் விழும். 8239 என்ற குறுகிய உடையா இடைவெளி இன்னும் அழகு. ஆனால் பல தமிழ் எழுத்துருக்களில் அது இல்லை, கட்டமாகத் தெரியும். விழுக்காட்டுக் குறிக்கு முன்னும் இடைவெளி வேண்டும் என்கிறது பன்னாட்டுக் கையேடு. தமிழ் அச்சில் '50%' என ஒட்டி எழுதுவதே நிலைத்த வழக்கம், அதை மாற்றத் தேவையில்லை.

எண்களில் இரண்டு கவனங்கள். தசமத்துக்கு முன் சுழியம் கட்டாயம்: '.5 மி.லி.' அல்ல, '0.5 மி.லி.', புள்ளி அச்சில் மங்கினால் 5 ஆகிவிடும். தசமத்துக்குப் பின் வெற்றுச் சுழியம் மருந்தளவில் கூடாது: '5.0' என்பது 50 ஆகப் படிக்கப்படலாம். அளவெடுக்கும் நாடாவின் துல்லியத்தைக் காட்ட வேண்டிய இடம் வேறு. குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு என்பதை '115 மி.மீ.' என்று எழுதினால் புள்ளியே தேவைப்படாது. இலக்கப் பிரிப்பில் நம் லட்சக் கணக்கையே வைத்திருங்கள்: வைட்டமின் ஏ கரைசல் 1,00,000 பன்னாட்டு அலகு. பாமினி வழி வந்த இயலில் இது '1இ00இ000' என்று நிற்கும், தேடித் திருத்துங்கள். கூடவே 'ஒரு லட்சம்' என்று எழுத்தாலும் எழுதிவிடுங்கள்.

பின்னத்துக்கும் தமிழ்ச் சொல்லே காவல். '1 1/2 தேக்கரண்டி' இடைவெளி தொலைந்தால் '11/2' ஆகும். 'ஒன்றரைத் தேக்கரண்டி' ஒருநாளும் குழம்பாது. வீட்டில் தயாரிக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு 'ஒரு லிட்டர் நீர், தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு' என்று எழுதுங்கள்; உப்பின் அளவில் பிழை வந்தால் குழந்தைக்கு ஆபத்து. நம் முன்னோர் கால், அரை, மாகாணி, உழக்கு, குறுணி, பதக்கு இவற்றுக்கெல்லாம் தனிக் குறிகள் வைத்திருந்தார்கள். 2019இல் யூனிகோடின் 12ஆம் பதிப்பில் அவை தமிழ்க் கூடுதல் பகுதியில் இடம்பெற்றன. பழஞ்சுவடி பதிப்பிப்பவர்களுக்கு அது பெரும் உதவி. நலக் கையேட்டில் அவற்றுக்கு வேலை இல்லை.

கடைசியாக, அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை. ° − × ′ ″ μ ² ³ ½ ஆகிய ஒன்பது குறிகளையும் ஒரே வரியில், கையேட்டின் எழுத்துருவில், தடித்த வடிவிலும் சாதாரண வடிவிலும் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்குங்கள். எதாவது கட்டமாகவோ, வேறு எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கியதுபோல் பருத்தோ தெரிந்தால், இன்டிசைனில் அந்தக் குறிகளுக்கு மட்டும் ஓர் எழுத்துப் பாணி வைத்து இணையான ஆங்கில எழுத்துருவை ஒதுக்குங்கள். பிறகு அந்த பிடிஎஃபிலிருந்து மருந்தளவுப் பக்கத்தை முழுதாகப் படியெடுத்து வெறும் உரைக் கோப்பில் ஒட்டி, தாளில் உள்ளதோடு ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். 380, 106, 'மப', '50மூ' எல்லாம் அங்கேதான் வெளிப்படும்.